நாற்பத்தெட்டில் ஒன்று

பகலில் என் வேலை கீறலை அழிப்பது.
இமாத்ரா நெடுஞ்சாலையோரப் பட்டறை.
பனி உருக உப்புத் தூவிய சாலைகளிலிருந்து
அடிவயிறு அரித்துப்போய்க் கார்கள் வரும்.
உப்பு தின்ற தகட்டை
உப்புத்தாளால் தேய்த்து, புட்டி பூசி, பெயின்ட் அடித்து
ஒன்றுமே நடக்காதது போல் அனுப்பிவைப்பேன்.

இரவில், கீறலை உண்டாக்குவது.
சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து
ஒரு ஃபியட்.
கார் இல்லை, போர் விமானம்.
இறக்கை முனையிலிருந்து முனைக்கு ஒரு சாண்.
இத்தாலிக்காரன் தன் வெயிலை நம்பிக் கட்டியது,
விமானியின் தலைக்கு மேல் மூடியே இல்லாமல்.
அதை வாங்கி எங்கள் ஆட்கள்
மூக்கு வரை கம்பளி சுற்றிக்கொண்டு
ஜனவரியில் பறந்தார்கள்.

முதலில் அலுமினியம்.
காய்ந்ததும் ஈரம் தொட்டு, சமையல் உப்பு,
கஞ்சிக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் குறைவாக.
அதன்மேல் இத்தாலிய மணல் மஞ்சள்.
மறுபடி உப்பு.
அதற்கும் மேல் எங்கள் கறுப்பு, எங்கள் பச்சை.
பெருவிரலால் தேய்த்தால் உப்பு உதிரும்.
உதிர்ந்த இடத்தில்
காட்டுக்குக் கீழே பாலைவனம்,
பாலைவனத்துக்குக் கீழே வெறும் தகடு.

பக்கவாட்டில் ஒட்ட வேண்டிய சின்னம் ஸ்வஸ்திகா, நீலம்.
பெட்டியில் இரண்டு துண்டாக வந்தது.
சில நாடுகளில் முழுதாக விற்கக் கூடாதாம்;
சேர்ப்பது வாங்கியவர் பாடு.
இடுக்கியில் ஒரு பாதி,
தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கும் மறு பாதி.
ஜெர்மன்காரனுக்கு முன்பே இது நம்முடையது
என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள்.
சரிதான்.
அந்த வருடங்களில் யார் பக்கம் நின்று பறந்தோம் என்பதை மட்டும்
அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை.
ஒட்டினேன்.
மயிரிழை கோணல். திருத்தவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே புகைப்படம்,
பழைய சாமான் சந்தையில் நான்கு யூரோ.
பின்னால் பென்சிலில்: லெப்டினன்ட் கோர்வென்மா, ஏப்ரல் 42.
இறக்கையில் சாய்ந்து நிற்கிறார், பூட்ஸ் பளபளக்க.
அவருக்குப் பின்னால், எரிபொருள் மூடியருகே குனிந்த இன்னொருவன்
அசைந்துவிட்டான்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல்.
அவனைப் பற்றிப் பென்சிலுக்கு ஒன்றும் தெரியாது.

லெப்டினன்ட் பறக்கும் நாளில் ஏறுவார், இறங்குவார்.
இறக்கையடியை இப்படித் தேய்த்தது அவரில்லை.
குழாயை இழுத்தவன், தோட்டா மாலையைத் தோளில் சுமந்தவன்,
பறக்காத நாளிலும் பனியைச் சுரண்டியவன்.
நாற்பத்தெட்டில் ஒன்றாக்கினால்
என் பெருவிரலின் மேல்கணு உயரம் இருப்பான்.
அவன் கால் எங்கே படும் என்று
ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றித் தேடினேன்.
வழி தெரிந்தது.
மூடியருகே வந்ததும் கை நின்றுவிட்டது.
திறந்து திறந்து மூடுகிற கை எப்படிக் கீறும்?
படத்தில் அங்கேயும் மங்கல்தான்.
மூடியைச் சுற்றிய உப்பை மட்டும்
ஒரு வாரம் அப்படியே விட்டேன்.

புதன்கிழமை திருமதி ரௌத்தியாய்னென் வந்தார்.
ஃபியட் பாண்டா, வெள்ளை, பழசு.
ஓட்டுநர் கதவில், சாவித்துளைக்குக் கீழே
சாவிக்கொத்து ஆடி ஆடி வரைந்த பிறை,
இருபது வருட ஆழம், ஒருபக்கமாகச் சாய்ந்து.
"இடதுகைக்காரரா?"
"தௌனோவா? ஆமாம். உனக்கெப்படி…"
முடிக்கவில்லை.
கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.
"எடுத்துவிடு. சனிக்கிழமை வாங்குகிறவர் வருகிறார்."

புட்டி, பிரைமர், வெள்ளை, மெருகு.
மறுநாள் மதியத்துக்குள் முடிந்தது.
நல்ல வேலை.
விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தும்
இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை.

அன்றிரவு உருப்பெருக்கிக் கண்ணாடி, தையல் ஊசி.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
எரிபொருள் மூடிக்குக் கீழே ஒரு பிறை,
அதே பக்கம் சாய்த்து.

பிறகுதான் உப்பைத் தட்டினேன்.